பத்திரிகை வைக்கணும்... பந்தி போடக் கூடாது!

விடிகாலை நாலே முக்காலுக்கு எங்கள் தூத்துக்குடி வீட்டு அடுப்படியில் சாளை மீன் இடிபடும் சத்தம் கேட்டால், அப்பா தூண்டில் போடக் கிளம்புகிறார் என்று அர்த்தம். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். கடந்த நாலு வருஷமாக அது கேட்கவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் படுத்தார். உடம்பு தேறிவிட்டது. மூக்கு மட்டும் தேறவில்லை. மல்லிகைப்பூவும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. ஒருநாள் கேஸ் அடுப்பு அணைந்து வாயு கசிந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். கோயிலுக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து, வாசலிலேயே பதறி ஓடிவந்து மூடியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அம்மா எங்கும் போவதில்லை. அப்பாவும் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். தூண்டில் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

இந்த மே மாதம் கோவையிலிருந்து மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அவள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போன இரண்டாம் நாள் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “தாத்தா, நாளைக்குப் போகலாமா?” என்று கேட்டாள்.

“அது முடிஞ்சு போச்சுட்டி. மோந்து பாக்காம இரை பிசைய முடியாது” என்றார் அப்பா.

“நான் மோந்து சொல்றேன் தாத்தா.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். “போயிட்டு வாங்க. ரெண்டு மீனாவது கொண்டு வாங்க, விக்கிற விலையில வாங்க முடியல” என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடப்படும் காலம் அது. விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் கொண்டுவருவதுதான் மீன். விலை ஏறத்தான் செய்யும்.

தீவு என்று பெயர்தான்

நாங்கள் போனது முயல் தீவு. தீவு என்று பெயர்தானே தவிர, இப்போது தரையோடு சேர்ந்த இடம். துறைமுகம் போகும் சாலையிலிருந்து பிரிந்து ஸ்கூட்டரிலேயே போய்விடலாம். போகும் வழியில் உப்பளம். பாத்திகளில் விடிகாலை வெளிச்சம் ரோஜா நிறத்தில் கிடக்கும். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் இறங்கியிருப்பார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் இதே பெயரில் இன்னொரு முயல் தீவு இருக்கிறது. அது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அங்கே அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. தூண்டில் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் போன தூத்துக்குடி முயல் தீவு, குடும்பத்தோடு போய்ப் பொழுதுபோக்கும் கடற்கரை. பொங்கல் சமயத்தில் கட்டுச்சோற்றோடு ஊரே அங்கே இருக்கும்.

அலை குறைவான கடல். முழங்கால் ஆழத்தில் அடிமணல் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே சூரியன் தலைகாட்டியிருந்தது. முதுகுப் பக்கமிருந்து கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, கடலை நோக்கி வீசியது.

முதல் நாள்: நண்டும் கெளுத்தியும்

முதல் நாள் தோல்விதான். அதற்கு முழுக் காரணம் அப்பாவின் வீம்பு.

முந்தின நாள் மத்தியானமே சாளை வாங்கி வந்து, ஐஸ் இல்லாமல் பையிலேயே மறந்துவிட்டோம். காலையில் அதை உரலில் போட்டபோதே மகள் மூக்கைப் பொத்தினாள். “கெட்டுப் போச்சு தாத்தா, வேண்டாம்.”

“சாளைன்னா அப்படித்தாண்டி இருக்கும். நீ கோயம்புத்தூர்ப் பிள்ள, ஒனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லி இடித்துவிட்டார்.

எனக்கும் நாற்றம் தெரிந்தது. ஆனால் நாலு வருஷம் கழித்து உலக்கையைத் தொட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். முள்ளில் மாட்டிய மாவை நண்டு நறுக்கியது. இரண்டு கெளுத்தி வந்தது. கெளுத்தியின் பக்க முள் குத்தினால் கடுப்பு உயிர் போகும். துணியால் பிடித்து, முள்ளைக் கழற்றி, திருப்பி விட்டோம். மடவைக் கூட்டம் நாற்பதடி தூரத்தில் மேல்தண்ணியில் நெளிந்து போனது தெரிந்தது. எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றபோது அப்பா தானாகவே சொன்னார். “அழுகின இரைக்கு நண்டும் கெளுத்தியும்தான் வரும். நாப்பது வருஷமா நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். பிள்ள சொன்னா, நான் கேக்கல.” பிறகு மகளைப் பார்த்து, “நாளைக்கு நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம், சரியாட்டி?” என்றார்.

அவள் பன்னில் ஜாம் தடவிக்கொண்டே, “சரி தாத்தா” என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

என்னென்ன, எவ்வளவு?

தூண்டிலில் இரை இரண்டு வகை. முள்ளில் மாட்டுவது ஒன்று. மீனை அந்த இடத்துக்கு அழைத்துவர, தண்ணீரில் தூவுவது இன்னொன்று. இந்த இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. அப்பாவின் கணக்கு, இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு:

பேக்கரியில் மிஞ்சிய பன், ரொட்டியைக் காயவைத்துப் பொடித்த தூள் அரைக் கிலோ. தவிடு கால் கிலோ. ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு 100 கிராம். சென்னாக்கூனிப் பொடி ஒரு கைப்பிடி. தலையோடு இடித்த சாளை நாலு. மீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன். பிசைவதற்குக் கடல் தண்ணீர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ரொட்டித்தூள் தண்ணீரில் பிரிந்து புகை மாதிரி பரவும். தவிடு லேசானது, மிதந்தும் மெல்ல இறங்கியும் கண்ணுக்கு ஆசை காட்டும். புண்ணாக்கு அடியில் தங்கும். கூனி மீன்கள் வழக்கமாகத் தின்கிற பண்டம், அதனால் சந்தேகப்படாது. இடித்த சாளையின் சாறு தண்ணீரில் கரைந்து தூரம் போகும். எண்ணெய் மேல்மட்டத்தில் படரும்.

மீன் மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதற்குச் செவுள் இருக்கிறது. மூக்கு வாசனைக்கு மட்டும்தான். தண்ணீரில் கரைந்து வரும் புரதச் சத்துகளைத்தான், அதிலும் அமினோ அமிலங்களைத்தான், அது முகர்ந்து தெரிந்துகொள்கிறது. மீனை முழுசாகப் போடாமல் இடித்துப் போடுவது சாறு வெளியே வருவதற்காக.

பிசைவதிலும் வரிசை உண்டு. முதலில் காய்ந்த சாமான்களை எல்லாம் கலக்க வேண்டும். பிறகு சாளையும் புண்ணாக்கும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் கையால் அள்ளி அள்ளித் தெளிக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். களி போய் அடியில் கல் மாதிரி கிடக்கும், கரையாது. பிசைந்து இருபது நிமிஷம் மூடிவைத்தால் தூள் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் தெளிக்கலாம்.

பதம் பார்க்க அப்பா இரண்டு சோதனை வைத்திருக்கிறார். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவுக்கும் புட்டு மாவுக்கும் நடுவில் என்று வையுங்கள். இரண்டாவது, ஒரு வாளிக் கடல் தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுப் பார்ப்பது. இரண்டு மூன்று நிமிஷத்தில் பிரிந்து கலங்க வேண்டும். என் மகளுக்கு இந்த வாளிச் சோதனைதான் ரொம்பப் பிடித்தது. மூன்று உருண்டையைச் சோதனையிலேயே காலி செய்தாள்.

மடவை மாதிரி மேலாக மேயும் மீனுக்கு உருண்டையை லேசாகப் பிடிக்க வேண்டும். விழுந்ததும் உடைந்து பரவும். விளமீன், கிழங்கான் மாதிரி அடியில் மேய்வதற்கு ஈர மணல் ஒரு பங்கு சேர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடிக்குப் போன பிறகு கரையும்.

முள்ளுக்கு மைதா மாவு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகை பெருங்காயம், கழுவிப் போகாமல் இருக்க நாலு இழை பஞ்சு. அவ்வளவுதான். மகள் முகர்ந்துவிட்டு, “சாம்பார் வாசனை வருது” என்றாள். “அப்போ சரியா இருக்கு” என்றார் அப்பா. நாலு வருஷமாக அவர் அறியாத வாசனையை, அவள் சொல்லை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

தண்ணி எங்கே ஓடுது?

இரண்டாம் நாள் சாளை, விடிகாலையில் வந்த வள்ளத்திலிருந்து நேரே வாங்கியது. மகள் முகர்ந்து தலையாட்டிய பிறகே உரலுக்குப் போனது.

கரையில் உட்கார்ந்ததும் நான் ஆர்வத்தில் ஒரு பெரிய உருண்டையை நேராக எதிரே வீசினேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“தண்ணி எங்க ஓடுதுன்னு பாத்தியா?”

ஒரு ரொட்டித்துண்டை மிதக்கவிட்டார். அது காற்றில் கடலுக்குள் போனது. பிறகு ஒரு சிட்டிகை ஈரக் கலவையைப் போட்டார். அது இறங்கியபடியே வடக்குப் பக்கம் நகர்ந்தது. “மேல ஓடுறது காத்து. அடியில ஓடுறதுதான் நீவாடு. மீனு நீவாட்டை எதுத்துத்தான் வரும், வாசனை வார வழியைப் புடிச்சுக்கிட்டு.” நீவாடு என்றால் நீரோட்டம்.

ஆகவே உருண்டையை விழச் செய்ய வேண்டிய இடம் நமக்கு நேர் எதிரே அல்ல, நீரோட்டம் வரும் திசையில் சில அடி தள்ளி. அது கரைந்து இறங்கி நம் முள் இருக்கும் இடத்தைக் கடந்து போக வேண்டும். வாசனையைப் பிடித்து வருகிற மீன் வழியில் முள்ளைச் சந்திக்கும். இடத்தைத் தவறவிட்டால் வேறெங்கோ மீன்களைக் கூட்டி வைத்துவிட்டு, இங்கே வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தண்ணீர் ஏறும் நேரம் நல்லது. தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். அசையாத தண்ணீரில் இரை போட்டால், தபால் பெட்டியில் போடாத கடிதம் மாதிரி அங்கேயே கிடக்கும்.

எவ்வளவு போடுவது? முதலில் எலுமிச்சம்பழ அளவில் ஐந்து உருண்டை. பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. அவ்வளவே. மகள் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று வீச ஆரம்பித்தபோது அப்பா கையைப் பிடித்தார்.

“ஏட்டி, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கணும். பந்தி போடக் கூடாது. வயிறு நெறஞ்சவன் ஒன் தூண்டில்ல இருக்கிறதை எதுக்குத் திங்கான்?”

இந்த வேலையின் சாரமே அந்த ஒரு வரிதான். மீன் வந்து சேர வேண்டும், வந்த பிறகும் பசியோடு இருக்க வேண்டும்.

இதே சங்கதி உலகம் முழுக்க இருக்கிறது. ஜப்பானில் அண்டார்டிகா கடலின் கூனி மாதிரியான கிரில்லைத் தூளோடு கலந்து தூவுகிறார்கள், ‘கொமாசே’ என்று பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் சுறா பிடிக்க இடித்த கானாங்கெளுத்தியை வலைப்பையில் கட்டிப் படகோரம் தொங்கவிடுவார்கள், அது ‘ரப்பி டப்பி’. ஆஸ்திரேலியர்களுக்கு ‘பர்லி’. அப்பாவிடம் சொன்னேன். “பேரு எதுவா இருந்தா என்ன, அங்கயும் பந்தி போட்டுட்டு உக்காந்திருக்கவன் இருப்பான்” என்றார்.

மடவை வந்தது

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கலங்கல் போன பாதையில் தண்ணீர் மட்டும் லேசாகத் துடித்தது, மழைத்துளி விழுவது மாதிரி. “வந்துட்டாங்க” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

மடவைக்குச் சின்ன வாய், மெல்லிய உதடு. பாசியையும் அடிமண்ணில் கிடக்கும் துணுக்குகளையும் சலித்துத் தின்கிற மீன் அது. கோழிக்கு இருப்பதுபோல் அரைக்கிற இரைப்பை உண்டு. அதனால்தான் மாவும் தவிடும் அதற்கு ஒத்துப்போகிறது. முள் சின்னதாக இருக்க வேண்டும், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர். நம்பர் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தக்கை அசைந்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து போய்விடும். தக்கை சாய்ந்து நகரும்வரை பொறுக்க வேண்டும்.

முதல் மடவை அப்பாவுக்கு. இரண்டாவது மகளுக்கு. அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் மேய்ந்த நாரை பறந்துபோனது. மொத்தம் ஏழு மடவை. நடுவில் இரண்டு கீச்சான். பிடித்ததும் ‘கீச் கீச்’ என்று சத்தம் போடுவதால் அந்தப் பெயர். சின்னவை. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, திருப்பி விட்டோம். உலர்ந்த கையால் பிடித்தால் மேலுள்ள வழவழப்பு போய் மீனுக்கு நோய் வரும்.

ஓர் ஓராவும் வந்தது. அப்பா யாரையும் தொடவிடவில்லை. ஓராவின் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மணிக்கணக்கில் கடுக்கும். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு ஒருமுறை குத்திவிட்டது. வீட்டுக்கு வந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தார். சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும். கடுப்பு குறையவில்லை என்றாலோ, வீங்கினாலோ, மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்றதும் எழுந்தோம். மிஞ்சிய கலவையைக் கடலில் கொட்ட மகள் வாளியைத் தூக்கினாள். “வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போவோம். ஃப்ரீஸர்ல வச்சா அடுத்த தடவைக்கு ஆகும். கொட்டினா அடியில கெடந்து அழுகும்” என்றார். அறுந்த நரம்பு, பாலித்தீன் கவர், பஞ்சு எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டோம். நரம்பைக் கரையில் விட்டால் பறவைக் காலில் சுற்றிக்கொள்ளும்.

நீங்கள் போவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். துறைமுக எல்லைக்குள்ளும் தடை செய்யப்பட்ட இடங்களிலும் நுழையாதீர்கள். எங்கே உட்காரலாம் என்று அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை போட்டிருக்கும் இடத்தில் தூண்டில் வீசக் கூடாது. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குச் சோறு.

மோப்பம்

அன்று மத்தியானம் தேங்காய் அரைத்துவிட்ட மடவைக் குழம்பு. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “புளி தெரியுது. உப்பு, உறைப்பு தெரியுது. வாசனைய நீ சொல்லு” என்றார் மகளிடம்.

அவள் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் யோசித்தாள். “முதல்ல வெந்தயம் வருது தாத்தா. அப்புறம் தேங்காய். மீன் வாசனை கொஞ்சம்தான், கடைசியில வருது.”

“கறிவேப்பிலை?”

“ஆமா, அதுவும்.”

அம்மா குனிந்து ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக, சாப்பாடு எப்படி இருக்கு என்று கேட்டால் “ம்” என்பதைத் தவிர அப்பா வேறொன்றும் சொன்னதில்லை.

ஊரில் இருந்த பத்து நாளில் நாலு தடவை போனோம். கிளம்பும்போது மகள் தன் நோட்டில் அளவுகளை எழுதிக்கொண்டாள். சாளைக்கு நேரே ‘முகர்ந்து பார்க்கவும்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போன் செய்தேன். அம்மா எடுத்தார். பின்னால் உலக்கைச் சத்தம் கேட்டது. “ஒம் மகளால வந்த வினை. அஞ்சு மணிக்கே என்னை எழுப்பி, நாறுதா நாறுதான்னு சாளையை மூக்குல கொண்டு வந்து நீட்டுதாரு” என்றார். குரலில் கோபம் இல்லை.

“என்னம்மா சொன்னீங்க?”

“நல்லாத்தான் இருக்குன்னேன். கெளம்பிட்டாரு.”